தெருவுக்கு மேற்கு

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு எங்கள் கிளையில் தொலைபேசி ஒலித்தது. நேரம் இப்படி நினைவில் நிற்பதற்குக் காரணம், என் மேசைக்கு எதிரே நின்ற ஒருவர் சுவர்க் கடிகாரத்தைக் காட்டி, “பதினொன்னு இருவது ஆவுது மேடம், நான் பத்துக்கு வந்தவன்” என்று சண்டைக்கு நின்றதுதான். அவரைக் கையமர்த்திவிட்டு எடுத்தேன்.

பேசியவர் எங்கள் வங்கிக் கிளையின் தற்காலிக ஊழியர். ஒரு வீட்டுக் கதவில் நோட்டீசு ஒட்டுவதற்காகப் பெருநகர் என்ற ஊரைத் தாண்டி ஒரு கிராமத்துக்குப் போயிருந்தார். கடை வாசலில் ஒரு ரூபாய் போட்டுப் பேசும் தொலைபேசி.

“மேடம், வூடு வேற போல கீது. நாலு பக்கமும் படிச்சிட்டேன். ஒரு பக்கம்தான் ஒத்து வருது. பத்திரத்தை ஒரு தபா எடுத்துப் பாத்துச் சொல்றீங்களா? நான் இங்கியே நிக்கிறேன்.”

ரிசீவரை மேசைமேல் வைத்துவிட்டுக் கோப்பை எடுத்தேன். பத்திர நகலின் மூன்றாம் பக்கத்தில் ‘தெருவுக்கு மேற்கு’ என்று இருந்தது. அதற்கு மேல் வைத்துத் தைத்திருந்த சொத்து விவரத்தில், ஐந்து வருடத்துக்கு முன் நான் தயாரித்ததில், ‘மேற்கே: தெரு’ என்று இருந்தது.

பத்திர எழுத்தர்கள் எல்லை எழுதும் முறையே அப்படித்தான். ‘தெருவுக்கு மேற்கு’ என்றால் தெருவுக்கு மேற்குப் பக்கம் வீடு இருக்கிறது. வீட்டிலிருந்து பார்த்தால் தெரு கிழக்கே இருக்கும். எங்கள் வங்கிப் படிவத்திலோ நான்கு கட்டங்கள். வடக்கே என்ன, தெற்கே என்ன, கிழக்கே என்ன, மேற்கே என்ன என்று. நான் ‘மேற்கு’ என்ற சொல்லைக் கண்டதும் மேற்குக் கட்டத்தில் தெருவைப் போட்டிருந்தேன். மற்ற மூன்றையும் அப்படியே. ஒரு ‘க்கு’வைக் கவனிக்காததில் வீடு தெருவைத் தாண்டி எதிர் வரிசைக்குப் போய்விட்டது.

இது எனக்கு ஒரு நிமிடத்துக்குள் புரிந்துவிட்டது. புரியாமல் சொன்னேன் என்று ஒருநாளும் சொல்லிக்கொள்ள முடியாது. ரிசீவரை எடுத்து, “பார்த்துட்டேன், பேப்பர்ல இருக்கிறது சரிதான், ஒட்டிட்டு வாங்க” என்றேன்.

“பத்திரத்தையே பாத்துட்டீங்களா மேடம்?”

“பார்த்துட்டேன்னு சொல்றேன்ல.”

“அப்ப சரி.”

அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று பல வருடங்களாக நினைத்துத் தள்ளிப் போட்டிருக்கிறேன். பெயரை எழுதப்போவதில்லை. அவரிடம் கேட்காமல் அதை எழுதுவதற்கு எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. கிளையில் அவரை ‘நாலுபக்கம்’ என்று கூப்பிடுவார்கள். மேனேஜர் கூப்பிடுவார், நகை மதிப்பிட வருபவர் கூப்பிடுவார், டீக்கடைக்காரர்கூட “நாலுபக்கத்துக்கு ஒரு டீ” என்பார். நான் கூப்பிட்டதில்லை. அது ஒன்றும் பெரிய மரியாதை இல்லை என்பதை இனி எழுதப்போவதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

உத்திரமேரூருக்கு வெளியே ஏரிக்கரையை ஒட்டியிருந்த குடிசைகளில் பிறந்தவர். அந்தக் குடியிருப்பில் முதலில் எழுத்துக் கூட்டியவர் அவர்தான் என்று கிளையில் சொல்வார்கள். அவர் சொல்லி நான் கேட்டதில்லை. பதினான்கு வருடமாகத் தினக்கூலி. பெருக்குவது, தண்ணீர் எடுப்பது, தபால் கொண்டுபோவது, நோட்டீசு ஒட்டுவது. நிரந்தரம் ஆக்குவதற்கான பட்டியலில் அவர் பெயர் மண்டல அலுவலகத்துக்குப் போயிருந்தது. அந்த வருடம் வந்துவிடும் என்று எல்லோருமே சொன்னோம்.

நீதிமன்றத்துக்குப் போகாமலே, பிணையாக வைத்த சொத்தை வங்கியே கைப்பற்றலாம் என்ற சட்டம் வந்து அப்போது இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. முதலில் அறுபது நாள் கெடு வைத்து ஒரு நோட்டீசு. அதற்கும் பணம் வராவிட்டால், ‘இந்தச் சொத்தை வங்கி சுவாதீனம் எடுத்துக்கொண்டது’ என்ற அறிவிப்பைக் கதவில் ஒட்டி, போட்டோ எடுத்து, பத்திரிகையிலும் போட வேண்டும். விவசாய நிலத்தை அந்தச் சட்டத்தின் கீழ் தொட முடியாது. அதனால் கடன் கொடுக்கும்போதே வீட்டைத்தான் கேட்போம். கிராமத்து வீடு பெரும்பாலும் நத்தத்தில், அதாவது ஊர்க் குடியிருப்புக்கென்று விட்ட நிலத்தில், இருக்கும். ஒரே சர்வே எண்ணில் நாற்பது வீடு. எந்த வீடு என்று சொல்வதற்கு நான்கு எல்லையை விட்டால் வேறு வழி கிடையாது.

மற்ற கிளைகளில் ஒட்டுகிறவர் வருவார், பசை தடவுவார், ஒட்டுவார், போவார். இவர் அப்படி இல்லை. வாசலில் செருப்பைக் கழற்றுவார். வீட்டில் இருப்பவர்களைக் கூப்பிட்டு நிறுத்துவார். கதவுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை சத்தமாகப் படிப்பார். எல்லை வந்ததும் உடம்பை அந்தந்தத் திசைக்குத் திருப்புவார். “வடக்கால இன்னார் வூடு. ஆமாவா?” என்பார். வீட்டுக்காரர் ‘ஆமா’ சொல்ல வேண்டும். தலையாட்டினால் ஒப்புக்கொள்ள மாட்டார். வாயைத் திறந்து சொல்ல வேண்டும். ஒருமுறை குடித்திருந்த ஒருவர், திசையைச் சொல்வதற்கு முன்பே ஆமா, ஆமா என்று சொல்லிக்கொண்டே போனாராம். இவர் பக்கத்துக் கடையில் மோர் வாங்கிக் கொடுத்து, அரைமணி நேரம் காத்திருந்து, மறுபடியும் முதலிலிருந்து படித்திருக்கிறார்.

நான்கு ஆமாவும் வந்த பிறகுதான் பசை. அதன் பிறகும் கிளம்ப மாட்டார். “இது வூட்ட வுட்டுப் போவச் சொல்ற காகிதம் இல்ல. வூட்டு மேல கைய வெச்சிகினு கீறோம்னு சொல்ற காகிதம். நாப்பத்தஞ்சு நாள் கீது. மெட்ராசுல கடன் கோர்ட்டு கீது, அங்க போயி கேக்கலாம். பொட்டி படுக்கய கட்டாதீங்க” என்று சொல்லிவிட்டுத்தான் செருப்பை மாட்டுவார்.

“இதெல்லாம் நீங்க எதுக்குச் சொல்றீங்க? அவங்க கோர்ட்டுக்குப் போனா நமக்குத்தானே தலைவலி?” என்று ஒருநாள் கேட்டேன்.

“அதுலயே போட்டு கீதே மேடம், கீழ, பொடி எய்த்துல. நானா சொல்றேன்? படிக்காத காகிதம் பொயுது சாஞ்சா பெருசாவும் மேடம். படிச்சிட்டா அது ஒரு பக்கம்தான்.”

இரக்கத்தால் அப்படிச் செய்தார் என்று நினைத்தால் தப்பு. ஒருமுறை டிராக்டர் கைப்பற்றப் போனபோது நானும் உடன் போயிருந்தேன். வண்டி பிடிக்க வந்திருந்த ஆட்கள் சாவியை வாங்கி ஏறியாகிவிட்டது. இவர் மண்ணெண்ணெய்த் துணியால் அடிச்சட்டத்தைத் துடைத்துக்கொண்டு, பொறித்திருந்த எண்ணை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தார்.

“யோவ் வாத்தியாரே, வண்டி கீது, கலரு கீது, ஆளு அய்துகினு நிக்கிறான். இன்னும் இன்னாத்த படிக்கிற?” என்று ஒருவன் கத்தினான்.

“ஆளு தப்புன்னா ஆளு சொல்லுவான்பா. வண்டி சொல்லுமா? அதுக்கு நம்பருதான் வாயி.”

கடைசி எண் எட்டா மூன்றா என்று தெரியவில்லை. இன்னும் தேய்த்தார். மூன்று. எங்கள் கோப்பிலும் மூன்று. “சரியா கீது, எடுத்துக்கினு போங்க” என்று எழுந்துவிட்டார். வண்டிக்காரர் மண்ணை வாரித் தூற்றினார். இவருடைய பரம்பரையையே இழுத்துத் திட்டினார். திரும்பி வரும்போது எனக்கு மனம் கேட்கவில்லை. “எவ்வளவு திட்டு வாங்கிட்டீங்க” என்றேன்.

“திட்டட்டும் மேடம். சரியான ஆளுதான திட்றான்” என்றார்.

கண்ணில் பட்ட எதையும் அவரால் படிக்காமல் இருக்க முடியாது. உரமூட்டை, மருந்து அட்டை, பேருந்துச் சீட்டின் பின்பக்கம். மேனேஜர் தன் பெண்ணின் கல்யாணப் பத்திரிகையைக் கிளையில் எல்லோருக்கும் கொடுத்தபோது நாங்கள் மஞ்சள் தடவிய ஓரத்தைப் பார்த்து, “நல்லா இருக்கு சார்” என்று பையில் வைத்துக்கொண்டோம். இவர் ஓரமாக நின்று முழுக்கப் படித்தார்.

“சார், மாப்ள பேரு இருக்கவேண்டிய இடத்துல உங்க பேரு கீது.”

கிளையே சிரித்துவிட்டது. மேனேஜர் சிரிக்கவில்லை. அதற்குள் பாதிப் பத்திரிகை ஊருக்குப் போய்விட்டிருந்தது. தவறு செய்தது அச்சகம். ஆனால் அன்றிலிருந்து மேனேஜர் அவரிடம் நேராகப் பேசுவதை விட்டுவிட்டார். “அந்தாளை வரச் சொல்லுங்க” என்று என்னிடம்தான் சொல்வார்.

என் பெண்ணின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் பிறந்த தேதி மாறியிருந்ததைக் கண்டுபிடித்ததும் அவர்தான். நகல் எடுத்துவரக் கொடுத்திருந்தேன். வரும்போது, “பாப்பா பொறந்தது ஆனிலன்னு சொன்னீங்க, இதுல மார்கயி மாசம் வருதே மேடம்” என்றார். நானும் என் கணவரும் அதை எத்தனை முறை கையில் எடுத்துப் பார்த்திருப்போம். மதிப்பெண்ணை மட்டும் பார்த்திருக்கிறோம். அப்போதே திருத்தியதால் தப்பித்தோம்.

இவ்வளவும் தெரிந்த ஒருவரிடம்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை பொய் சொன்னேன்.

காரணம் என்று ஒன்று இருக்கிறது. சொன்னால் சின்னதாகத் தெரியும். என் பெண்ணுக்கு இரண்டு வாரத்தில் பிளஸ் டூ தேர்வு. கணவருக்கு ஓரகடத்தில் மாற்று ஷிப்டு வேலை. அதற்கு முந்தைய வருடம், அடமானப் பதிவில் ஒரு தவறு செய்த சக ஊழியரை மூன்றே நாளில் மாநில எல்லைக்கு மாற்றினார்கள். அந்தப் பெண்மணி பிள்ளைகளை விட்டுவிட்டுத் தனியாகப் போனார். நானும் அப்படிப் போனால் என் பெண் பரீட்சை எப்படி எழுதுவாள், காலையில் யார் எழுப்புவார்கள், ஹால் டிக்கெட்டை யார் எடுத்து வைப்பார்கள் என்றெல்லாம் அந்த ஒரு நிமிடத்துக்குள் ஓடியது. ஹால் டிக்கெட்டை ஒரு நாளைக்கு மூன்று முறை எடுத்துப் பார்க்கிறவள் நான். வேறொருவரின் வீட்டு எல்லையை ஒரு முறைகூட ஒழுங்காகப் பார்த்திருக்கவில்லை.

அந்தக் கிராமத்தில் என்ன நடந்தது என்பதைப் பிறகுதான் துண்டு துண்டாகக் கேட்டேன். கடன் வாங்கியவர் வாலாஜாபாத்தில் நெல் வியாபாரம் செய்து நொடித்தவர். வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கோ போய்விட்டார். எதிர் வரிசையில் இருந்தது அவருடைய இறந்துபோன அண்ணனின் மனைவி. இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றிப் பிழைத்த பெண். பாகம் பிரித்தபோது கிழக்கு வரிசை வீடு அவள் கணவருக்கு வந்தது. மண்டல அலுவலகத்திலிருந்து வந்திருந்த இளம் அதிகாரி காகிதத்தைப் பார்த்தார். மேற்கே தெரு என்றால் வீடு கிழக்கு வரிசையில்தான் இருக்க வேண்டும். அந்த வரிசையில் கடன்காரரின் குடும்பத்து வீடு அது ஒன்றுதான்.

“எதுருக்க கீறது சார் அவன் வூடு. இது என் வூடு” என்றிருக்கிறாள் அவள்.

“குடும்பத்துக்குள்ள இப்படித்தாம்மா மாத்தி மாத்திச் சொல்வீங்க” என்றிருக்கிறார் அதிகாரி. அவருக்கு அன்று இன்னும் இரண்டு ஊர் பாக்கி.

நம்மவர் வழக்கம்போல நின்று படித்திருக்கிறார். மேற்கால தெரு, ஆமாவா? ஆமா. வடக்கால கோவிந்தன் வூடு? “கோயிந்தனும் எதுருக்கதான் கீறான்.” கிழக்கால வாய்க்கால்? “வாய்க்காலா? அங்க என் மாட்டுக் கொட்டாய் கீது.” தெற்கால காலி மனை? “அந்தாண்ட போயி நீயே பாரு, வூடு கட்டி எட்டு வருசம் ஆவுது.” அங்கேயே நிறுத்திவிட்டுத்தான் கடைக்கு வந்து எனக்குப் பேசியிருக்கிறார்.

பேசிவிட்டுத் திரும்பிப் போய்ப் பசை தடவியபோது அந்தப் பெண் கேட்டாளாம்: “இன்னாண்ணே இது? நாலுல ஒண்ணுதான ஆமான்னேன்? மூணுக்கு இல்லன்னேன் இல்ல? ஒண்ணு பெருசா, மூணு பெருசா?”

“ஆபீசுல மேடம் பத்திரத்தையே பாத்துட்டாங்கம்மா” என்றாராம்.

அதிகாரி காரில் ஏறி ஹாரன் அடித்துக்கொண்டிருந்ததால் மீதியைப் படிக்கவில்லை. நாற்பத்தைந்து நாள் என்பதையும், பெட்டி படுக்கையைக் கட்ட வேண்டாம் என்பதையும் சொல்லவில்லை. மாலையில் கிளைக்கு வந்ததும் என்னிடம் அதைத்தான் சொன்னார்.

“ஒட்டிட்டேன் மேடம். பாதிதான் படிச்சேன். பேஜாரா கீது.”

நான் நிமிராமல் “பரவாயில்ல” என்றேன்.

சனிக்கிழமை மறுபடியும் என் மேசைக்கு வந்தார். அவருக்கு மனம் ஆறாமல், மீதியைப் படித்துக் காட்டுவதற்காகச் சைக்கிளில் அந்த ஊருக்குப் போயிருக்கிறார். வீடு பூட்டியிருந்தது. ஒரு வாரத்தில் ஆள் வந்து பூட்டுப் போடுவார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, அந்தப் பெண் இரண்டு மாட்டையும் வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, பாத்திரம் பண்டத்தோடு திருப்புட்குழியில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள்.

“மாட்ட வித்துடிச்சி மேடம்” என்றார். “ரெண்டும் கறவை.”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். பத்திரிகையில் அறிவிப்பு இன்னும் வந்திருக்கவில்லை. ஒரு தொலைபேசி போதும், நிறுத்தியிருக்கலாம். “மேனேஜர்கிட்ட சொல்லிப் பாருங்க” என்றேன். மேனேஜர் அவரோடு பேசுவதில்லை என்பது எனக்குத் தெரியும்.

போன மாதம் என் பெண் சென்னையிலிருந்து பேசினாள். அவளும் இப்போது ஒரு வங்கியில், கடன் பத்திரங்களைச் சரிபார்க்கும் பிரிவில் இருக்கிறாள். “அம்மா, ஒரு சந்தேகம். பத்திரத்துல ‘தெருவுக்கு மேற்கு’ன்னு இருந்தா, மேற்குல தெருன்னு போடணுமா?” என்று கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள். பதில் சொல்லிவிட்டு வைத்த பிறகு, கொஞ்ச நேரம் அடுப்பங்கரையில் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். எந்தப் பரீட்சைக்காக அன்று வாயை மூடினேனோ, அதை எழுதித் தேறி அவள் வந்து சேர்ந்திருக்கும் இடம் அது. அவளிடம் இதையெல்லாம் சொன்னதில்லை. இதை எழுதி முடித்தால் அவளுக்குத்தான் முதலில் அனுப்ப வேண்டும்.

அந்த வருடம் பத்திரிகையில் அறிவிப்பு வந்த நான்காம் நாள், அந்தப் பெண்ணின் தம்பி காஞ்சிபுரத்து வக்கீல் ஒருவரின் நோட்டீசோடு கிளைக்கு வந்தார். பாகப்பிரிவினைப் பத்திரம், வரி ரசீது எல்லாம் இணைத்திருந்தது. மண்டல அலுவலகம் விளக்கம் கேட்டது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு எழுதச் சொன்னார். எங்கள் கிளையில் நன்றாக எழுதுகிறவள் நான்தான்.

‘சொத்தினை நேரில் அடையாளம் காட்டியதில் தவறு ஏற்பட்டுள்ளதாகத் தெரிய வருகிறது’ என்று எழுதினேன்.

அந்த வாக்கியத்தில் யாரும் இல்லை. யார் காட்டினார்கள், யார் தவறு செய்தார்கள் என்று எதுவும் இல்லை. பொய் எழுதவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளும்படியாக அதை அமைத்தேன். ஆனால் ஒட்டியபோது அங்கேயே சாட்சிகளோடு எழுதிய மகஜரில் ‘அடையாளம் காட்டியவர்’ என்ற இடத்தில் அவருடைய கையெழுத்து இருந்தது. என் வாக்கியம் நேராக அங்கே போய் நிற்கும் என்பது எனக்குத் தெரியும். மண்டலத்தில் யாராவது பத்திரத்தையும் என் சொத்து விவரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் பத்து நிமிடத்தில் விஷயம் வெளிவந்திருக்கும். யாரும் பார்க்கவில்லை. அவர்களுக்கு ஓர் ஆள் கிடைத்துவிட்டார், அதுவும் ஒரே கடிதத்தில் அனுப்பிவிடக்கூடிய ஆள்.

கடிதம் ஆங்கிலத்தில் வந்தது. அன்று என் பெண்ணுக்கு இயற்பியல் தேர்வு. காலையிலிருந்து எனக்கு அந்த நினைப்பாகவே இருந்தது. “அந்தாள்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு, திங்கக்கிழமையிலிருந்து வரவேணாம்னு சொல்லிடுங்க” என்றார் மேனேஜர்.

அவர் என் மேசைக்கு எதிரே வந்து நின்றார். காகிதத்தை நீட்டி, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று விரலால் காட்டினேன். அவர் பேனாவை எடுக்கவில்லை.

“இங்கிலீசுல கீது. படிங்க மேடம்.”

“வேலைக்கு இனிமே...”

“அப்படி இல்ல. மொதல்லேர்ந்து படிங்க.”

முதலிலிருந்து படித்தேன். ஆங்கிலத்தில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி. அவர் ஒவ்வொரு வரிக்கும் “ம்” என்றார். ‘சொத்தைத் தவறாக அடையாளம் காட்டிய காரணத்தால்’ என்ற இடம் வந்தபோது நிறுத்தினேன். தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தேன். அந்த வரிக்கு அவர் “ம்” சொல்லவில்லை. நான் காத்திருந்து பார்த்தேன். சொல்லவில்லை. அடுத்த வரிக்குப் போனேன். முடித்ததும் பேனாவை வாங்கி, கையெழுத்துக்கு மேல் ‘படிக்கக் கேட்டேன்’ என்று எழுதினார். எழுதத் தெரியாதவர்களின் பத்திரங்களில் ‘படிக்கக் கேட்டு ஒப்புக்கொண்டேன்’ என்று போடுவார்கள். அவர் முதல் பாதியை மட்டும் போட்டார்.

யாரும் அவரிடம் விசாரிக்கவில்லை. தொலைபேசியில் யாரைக் கேட்டாய், என்ன சொன்னார்கள் என்று மேனேஜரும் கேட்கவில்லை, மண்டலமும் கேட்கவில்லை. அவராகப் போய்ச் சொல்லவும் இல்லை. என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொல்லாமல் இருந்தார் என்று நான் நினைக்கவில்லை. நானாகச் சொல்வேன் என்று நினைத்திருக்கலாம். பதினான்கு வருடத்தில் என்னைப் பற்றி அவர் வைத்திருந்த கணிப்பு அதுவாக இருந்திருக்கலாம்.

பிறகு வங்கி நோட்டீசைத் திரும்பப் பெற்றது. ‘பிழை திருத்தம்’ என்று பத்திரிகையில் நான்கு வரி வந்தது. அந்தப் பெண்ணுக்கு ஒரு கடிதமும் தயாரித்தேன். உங்கள் வீட்டின் மேல் வங்கிக்கு உரிமை ஏதும் இல்லை என்று. இந்த முறை எல்லைகளைச் சரியாக எழுதினேன். கடன்காரரின் வீட்டுக்குக் கிழக்கே தெரு. அவள் கையெழுத்திட்டு வாங்கினால்தான் மண்டலத்தில் கோப்பை மூடுவார்கள். வக்கீலோ, என் கட்சிக்காரரிடமே நேரில் கொடுங்கள் என்று எழுதிவிட்டார்.

அவள் வாங்கவில்லை. தம்பி வீட்டிலிருந்து திரும்பித் தன் வீட்டில்தான் இருந்தாள். புதிதாகச் சேர்ந்த ஊழியர் இரண்டு முறை போய்வந்தார்.

“கதவையே தொறக்கல மேடம். ஒட்டினவரு வந்து படிக்கட்டும், அப்பதான் வாங்குவேன்னு உள்ளேர்ந்தே சொல்லுது.”

“ஏன், படிக்கத் தெரிஞ்ச வேற ஆளே இந்தத் தாலுகாவுல இல்லையாமா?” என்றார் மேனேஜர். ஒட்டியவரையே கூப்பிட்டு அனுப்பலாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தேர்வு முடிந்து, கோடை வந்து, என் பெண்ணின் முடிவும் வந்தது. நல்ல மதிப்பெண். கிளையில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தேன். ஒரு லட்டு மிஞ்சி, மூடிய டப்பாவிலேயே கிடந்து எறும்பு மொய்த்தது.

ஜூன் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, பணம் வாங்கும் நேரம் முடிகிற சமயம். மேனேஜர் காஞ்சிபுரத்துக்குக் கூட்டத்துக்குப் போயிருந்தார். அந்தப் பெண்ணே ஏரிக்கரைக்குப் போய்த் தேடிப் பிடித்து அவரை அழைத்து வந்திருந்தாள். இருவரும் வரிசையில் நின்று, முறை வந்ததும் என் முன்னால் வந்தார்கள். அவரை உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

“இந்தம்மாவுக்கு ஒரு காகிதம் குடுக்கணுமாமே மேடம். குடுங்க, படிச்சிக் காட்றேன்.”

கொடுத்தேன். கிளை நடுவில் நின்று முதல் வரியிலிருந்து படித்தார். காசாளர் எண்ணுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். ‘கிழக்கே தெரு’ என்ற இடத்தில் படிப்பது நின்றது.

“இது பத்திரத்தைப் பாத்து எய்தினதா மேடம்?”

“ஆமா.”

“எடுங்க. நானே பாக்கறேன்.”

கடன்காரரின் பத்திரத்தை வெளியாள் ஒருவருக்குக் காட்டக் கூடாது என்பது விதி. அவர் இப்போது வெளியாள். அதைச் சொல்லிவிட்டால் போதும், அவர் பேசாமல் போய்விடுவார் என்றும் தெரியும். நான் எழுந்து போய்க் கோப்பை எடுத்து வந்து, மூன்றாம் பக்கத்தைப் பிரித்து அவர் முன்னால் வைத்தேன்.

குனிந்து, விரலை வைத்து, மெதுவாகப் படித்தார். அந்தப் பெண் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

“இன்னாண்ணே போட்டு கீது?”

“தெருவுக்கு மேற்குன்னு போட்டு கீது. அது உன் வூட்டுக்காரரு தம்பி வூடு. இந்தக் காகிதம் சரிதாம்மா, கையெய்த்து போடு.”

“என் மாட்டப் பத்தி ஒண்ணும் எய்தலியா?”

“இல்லம்மா. மாட்டப் பத்தி இதுல ஒண்ணும் இல்ல.”

அவள் என்னை ஒரு முறை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். கடிதத்தை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். அவர் கோப்பை மூடவில்லை. விரல் அந்த வரியின் மேலேயே இருந்தது. என்னைப் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை.

“அன்னிக்கி நான் போன் பண்ணப்போ நீங்க பாத்தது இந்தப் பக்கந்தானா, மேடம்?” என்று கேட்டார்.